ரீபண்ட் வந்தால் கார்ட் பில் கட்டத் தேவையில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனையில் ஒரு மின்சாதனக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கார்ட் மெஷின், ஸ்லிப் கட்டுகள், வங்கிக்கு எழுதும் ரீபண்ட் கடிதங்கள் எல்லாம் என் மேசையில்தான். சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஒரு மாதம் கழித்துக் கையில் ஸ்டேட்மென்ட்டோடு வந்து நிற்பார்கள். "நீங்க காசு அனுப்பவே இல்லையே" என்பார்கள். அனுப்பியிருப்போம். ஆனால் அவர்களுடைய கிரெடிட் கார்டில் வட்டியும் விழுந்திருக்கும். பாண்டிருப்பு, சாய்ந்தமருது, களுவாஞ்சிக்குடி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ரீபண்ட் எண்டா நாம காசு கட்டின மாதிரித்தானே?

இல்லை. முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் வங்கிக்குக் கட்டுவது பேமென்ட். கடை திருப்பி அனுப்புவது ரீபண்ட். இரண்டும் உங்கள் கார்ட் கடனைக் குறைக்கும், அது சரி. ஆனால் "இந்த மாதம் இவ்வளவு கட்டு" என்று வங்கி கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்களா என்று பார்க்கும்போது, பல வங்கிகள் ரீபண்டை எண்ணிக்கையில் எடுப்பதில்லை. அது வேறு ஆள் அனுப்பிய காசு, நீங்கள் கட்டியது அல்ல என்பது அவர்கள் கணக்கு.

ஆகவே ஸ்டேட்மென்ட்டில் என்ன தொகை அச்சாகியிருக்கிறதோ, ரீபண்ட் என்று ஒன்று இல்லாதது போல் நினைத்து, அதை டியூ டேட்டுக்கு முன் கட்டிவிடுங்கள். ரீபண்ட் எங்கும் ஓடிப்போகாது, உங்கள் கணக்கில்தான் வந்து உட்காரும்.

ஸ்டேட்மென்ட் டேட், டியூ டேட் எண்டு ரெண்டு போட்டிருக்கு. எது எதுக்கு?

ஸ்டேட்மென்ட் டேட் என்பது அந்த மாதக் கணக்கை வங்கி முடிக்கும் நாள். டியூ டேட் என்பது கட்டக் கடைசி நாள். இரண்டுக்கும் இடையில் மூன்று கிழமை போல இருக்கும். அந்த ஸ்டேட்மென்ட்டில் உள்ள முழுத் தொகையையும் டியூ டேட்டுக்குள் கட்டினால் வாங்கிய சாமானுக்கு வட்டி இல்லை. "50 நாள் வட்டி இல்லை" என்று விளம்பரத்தில் சொல்வதன் பொருள் இதுதான்.

ஒரு ரூபா குறைந்தாலும் சலுகை போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. போனால் வட்டி டியூ டேட்டிலிருந்து ஓடுவதில்லை, சாமான் வாங்கிப் பதிவான நாளிலிருந்து ஓடும். கட்டாத மிச்சத்துக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருவன்.

பிரிட்ஜத் திருப்பிக் குடுத்திட்டன். அந்தக் காசக் கழிச்சுப்போட்டு மிச்சத்தக் கட்டினன். பிறகேன் வட்டி போட்டிருக்கான்?

நடந்தது போன்ற ஒரு கணக்கைப் பார்ப்போம். வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்று வைத்துக்கொள்வோம், கணக்கு இலகுவாக இருக்கும். ஏப்ரல் 20 அன்று 180,000 ரூபாவுக்குப் பிரிட்ஜ். வேறு செலவு 20,000. மே 15 ஸ்டேட்மென்ட்டில் மொத்தம் 200,000. டியூ டேட் ஜூன் 6. பிரிட்ஜ் சரியாகக் குளிர்க்கவில்லை, மே 25 அன்று திருப்பிக் கொடுத்தாயிற்று. ரீபண்ட் ஜூன் 2 அன்று கார்டுக்கு வந்தது. இவர் ஜூன் 5 அன்று 20,000 மட்டும் கட்டினார்.

கூட்டிப் பார்த்தால் 200,000 சரி. இதை ஏற்றுக்கொள்ளும் வங்கிகளும் உண்டு. ஆனால் இவருடைய வங்கி ரீபண்டைப் பேமென்ட்டாக எண்ணவில்லை. அவர்கள் பார்வையில் இவர் 200,000க்கு 20,000தான் கட்டினார், சலுகை போயிற்று. பிரிட்ஜின் 180,000க்கு ஒரு நாளைக்கு 118 ரூபா வட்டி. ஏப்ரல் 20 தொடக்கம் ஜூன் 2 வரை 43 நாள். 5,089 ரூபா. மற்ற 20,000க்கும் தனியாக வட்டி. ஸ்டேட்மென்ட்டை என் மேசையில் விரித்து, விரலால் அந்த வரியைக் குத்திக்காட்டிக்கொண்டு நின்றார். என்னால் கல்குலேட்டரைத்தான் திருப்பிக் காட்ட முடிந்தது.

ரீபண்ட் டியூ டேட்டுக்குப் பிறகு, ஜூன் 12 அன்று வந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. எந்த வங்கியிலும் 53 நாள் வட்டி, 6,273 ரூபா.

இல்லாத சாமானுக்கு வட்டியா? இதென்னகா நியாயம்?

கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 43 நாளும் வங்கியின் காசு எங்கள் கடையில் இருந்தது. நீங்கள் கார்டைப் போட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வங்கி எங்களுக்குக் காசு தந்துவிடும். நீங்கள் பிரிட்ஜைத் திருப்பித் தந்தது உங்களுக்கும் கடைக்கும் இடையிலான விஷயம். காசு வங்கிக்குத் திரும்பிய நாளில்தான் அந்தக் கடன் நின்றது.

இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. இதுவரை ஒழுங்காகக் கட்டி வந்தவர், முதல் தடவை என்றால், வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து "ரீபண்ட் வந்த கணக்கு, வட்டியை எடுத்துவிட முடியுமா" என்று கேளுங்கள். எடுத்துவிட்ட கதைகள் உண்டு. சண்டை பிடித்தவர்களைவிடப் பணிவாகக் கேட்டவர்களுக்கே அதிகம் நடந்திருக்கிறது.

வட்டி எத்தின வீதம் எண்டு எங்க பாக்கிற?

ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கும், சிறிய எழுத்தில். இது மாறிக்கொண்டே இருக்கும் சங்கதி. 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி 18 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பை எடுத்ததும் 30ஐயும் தாண்டிப் போனது. 2023 ஓகஸ்டில் 28 வீதம் என்று மறுபடி வரம்பு வந்தது. பழைய ஞாபகத்தை வைத்துக் கணக்குப் போடாமல் கையில் இருக்கும் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்.

காசு எடுக்கிறது ஒரு செக்கன். திருப்பித் தர மட்டும் ஏன் ரெண்டு கிழமை?

இதற்குக் கடைப் பக்கக் கதை தெரிய வேண்டும். இரவு கடை பூட்டும் முன் கார்ட் மெஷினில் "செட்டில்மென்ட்" அடிப்போம். பகல் முழுக்க விழுந்த கார்ட் வியாபாரம் அத்தனையும் ஒரு முழ நீளக் கடதாசியாக வெளியே வரும், நாள் கணக்கு வங்கிக்குப் போய்விடும். அதற்கு முன் நீங்கள் வந்து "வேணாம்" என்றால் மெஷினிலேயே "வோய்ட்", அதாவது ரத்து, அடித்துவிடலாம். அது ரீபண்டே இல்லை, வியாபாரமே நடக்காத மாதிரி. ஸ்டேட்மென்ட்டிலும் வராது. ஆகவே மனம் மாறினால் அன்று இரவுக்குள் மாறுங்கள், தயவுசெய்து.

மறுநாள் வந்தால் கதை வேறு. எங்கள் மெஷினில் ரீபண்ட் பட்டன் இல்லை. பழைய ஸ்லிப்பின் பிரதியோடு எங்கள் வங்கிக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர்கள் எங்கள் கணக்கில் காசைக் கழித்து, விசா அல்லது மாஸ்டர்கார்ட் வழியாக உங்கள் வங்கிக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வங்கி அதை உங்கள் கணக்கில் பதிய வேண்டும். இடையில் சனி, ஞாயிறு, போயா விடுமுறை. முதலாளி கையெழுத்துப் போட கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால் இன்னும் இரண்டு நாள்.

பதினைந்து நாளாகியும் வரவில்லை என்றால் கடையில் "ஏ.ஆர்.என். நம்பர் தாங்க" என்று கேளுங்கள். அது அந்த ரீபண்டுக்கான 23 இலக்க அடையாள எண். அந்த எண் இருந்தால் உங்கள் வங்கி காசு எங்கே நிற்கிறது என்று தேடிப்பிடிக்கும். அது இல்லாமல் "அனுப்பியாச்சு" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், அது எங்கள் கடையாக இருந்தாலும்.

கார்ட்டுக்குப் போட்டா லேட்டாகும், கையில காசாத் தாறன் எண்டு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். கார்டில் எடுத்ததைக் கார்டுக்கே திருப்ப வேண்டும் என்பதுதான் கார்ட் நிறுவனங்களின் விதி. அதைவிடப் பெரிய காரணம், நாம் மனிதர்கள். அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு தம்பி இப்படி வேறொரு கடையில் 65,000 ரூபா கையில் வாங்கினார். வங்கிக்குப் போய்க் கட்டுவதாகத்தான் நினைத்தார். வழியில் மோட்டார் சைக்கிளுக்கு டயர், வீட்டில் ஒரு கல்யாணம். மாதக் கடைசியில் கார்டில் 65,000 அப்படியே நிற்கிறது, சாமானும் இல்லை, காசும் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதே நாளில் கார்டுக்குக் கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரீபண்ட் வந்து கடனே இல்ல. பிறகும் மினிமம் கட்டணுமா?

கட்டுங்கள். ஸ்டேட்மென்ட் போட்ட அன்று நிர்ணயித்த மினிமம், அதாவது அந்த மாதம் குறைந்தது கட்ட வேண்டிய தொகை, பிறகு ரீபண்ட் வந்ததற்காகத் தானாக மறைவதில்லை. முதல் கேள்வியில் சொன்ன காரணமேதான். கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் தனியாக விழும். தாமதம் தொடர்ந்தால் கொடுகடன் தகவல் பணியகத்துக்கு, அதாவது நாம் "கிரிப்" என்று சொல்லும் இடத்துக்கு, உங்கள் பெயரோடு போகும். நாளைக்கு லீசிங்குக்குப் போகும்போது அதை எடுத்து முன்னால் வைப்பார்கள். சில ஆயிரத்துக்காக அந்த வம்பு எதற்கு?

உங்கள் வங்கி ரீபண்டை மினிமத்துக்கு எண்ணும் என்று அவர்கள் எழுத்தில் சொன்னால் நல்லது. போனில் ஒரு பிள்ளை சொன்னது எழுத்தாகாது.

நான் ஸ்டாண்டிங் ஓர்டர் போட்டிருக்கன். ரீபண்டும் வந்து, அவனும் முழுக்க வெட்டிட்டான். ரெண்டு தரம் கட்டின மாதிரி ஆயிட்டே?

இரண்டு தரம் கட்டவில்லை. ஸ்டாண்டிங் ஓர்டர் ஸ்டேட்மென்ட்டில் அச்சான தொகையைத்தான் சேமிப்புக் கணக்கிலிருந்து வெட்டும். ரீபண்ட் தொகை இப்போது கார்டில் உங்கள் பக்கம் மிச்சமாக நிற்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஸ்டேட்மென்ட்டில தொகைக்குப் பக்கத்தில சீ.ஆர். எண்டு கிடக்கு. அது கடனா?

எதிர்ப்பக்கம். வங்கி உங்களுக்குத் தர வேண்டிய காசு. அந்த மாதம் எதுவும் கட்டத் தேவையில்லை. அடுத்து எரிபொருளோ மருந்தோ வாங்கினால் அதில் கழியும். பெரிய தொகை என்றால் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார்டில் கிடக்கும் காசுக்கு வட்டி வராது. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு எடுக்கப் போகாதீர்கள், அதைக் கடன் காசாகக் கணக்கிட்டுக் கட்டணம் வெட்டுவார்கள்.

வட்டி கொடுக்கக்கூடாதெண்டு மாதா மாதம் முழுசாக் கட்டுறவன் நான். ரீபண்டால வட்டி விழுந்திட்டு. என்ன செய்யிற?

காத்தான்குடியிலிருந்து ஒரு காக்கா (அண்ணன்) கேட்டது. ஐந்து வருடம் ஒரு சதம் வட்டி கட்டாதவர், திருப்பிக் கொடுத்த ஒரு கிரைண்டரால் மாட்டிக்கொண்டார். அவருடைய கவலை தொகை அல்ல, 400 ரூபாகூட வராது. வட்டி என்ற சொல் தன் பெயருக்கு நேரே அச்சாகிவிட்டதே என்பதுதான்.

இவருக்கான வழி ஏற்கெனவே சொன்னதுதான், கொஞ்சம் கண்டிப்பாக: ரீபண்டைக் கழிக்காமல் முழுத் தொகையையும் கட்டுவது, மிச்சம் சீ.ஆர். ஆக நிற்க விடுவது. ஸ்டேட்மென்ட் டேட்டுக்கு முன்னரே ரீபண்ட் வந்துவிட்டால் அச்சாகும் தொகையே குறைந்து வரும், அதைக் கட்டினால் போதும். விழுந்ததை எடுக்கச் சொல்லி இவர் காரணத்தோடு கடிதம் கொடுத்தார். வங்கி எடுத்துவிட்டது.

என்ட கார்ட்ல ஏற்கெனவே பழைய கடன் கிடக்கு. எனக்கு ரீபண்டால லாபமா?

உண்டு. சலுகைக் காலம் ஏற்கெனவே போய்விட்டதால் உங்கள் கடனுக்கு நாளுக்கு நாள் வட்டி ஓடுகிறது. ரீபண்ட் வந்து பதிவான நாளிலிருந்து அந்தளவு கடன் குறையும், வட்டியும் குறையும். அதற்கு முந்திய நாட்களின் வட்டி மட்டும் திரும்பாது. இந்த நிலையில் இருப்பவர்கள்தான் ரீபண்டைத் துரத்திப் பிடிக்க வேண்டியவர்கள். 180,000க்கு ஒரு நாள் தாமதம் 118 ரூபா என்று மேலே பார்த்தோம்.

டிவிய 12 மாத இன்ஸ்டோல்மென்ட்ல எடுத்தது. திருப்பிக் குடுத்தும் மாதா மாதம் வெட்டுறான்!

இதுதான் எங்கள் கடையில் அதிகம் கத்தல் கேட்கும் இடம். டிவி 240,000, மாதம் 20,000. இரண்டு தவணை கட்டிய பிறகு திருப்பிக் கொடுக்கிறீர்கள். நாங்கள் 240,000ஐயும் ஒரே தடவையில் அனுப்புகிறோம். ஆனால் தவணைத் திட்டம் என்பது நீங்களும் உங்கள் வங்கியும் செய்த தனி ஏற்பாடு. ரீபண்ட் வந்தது அதற்குத் தெரியாது. அது மாதம் 20,000 என்று தன்பாட்டில் வெட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த 240,000ஐத் தொடாமல் வைத்திருந்தால் பத்து மாதத்தில் 200,000 கழிந்து, நீங்கள் ஏற்கெனவே கட்டிய 40,000 மிஞ்சும். கணக்கு நேராகிவிடும். ஆனால் யார் தொடாமல் இருப்பார்? கார்டில் காசு நிற்கிறது என்று பெருநாளுக்கோ தீபாவளிக்கோ உடுப்பெடுத்து முடித்துவிடுவார்கள். பிறகு வரும் ஒவ்வொரு தவணையும் புதுக் கடன்.

ஆகவே சாமானைத் திருப்பிய அன்றே வங்கிக்குச் சொல்லித் திட்டத்தை ரத்துச் செய்யுங்கள். ரத்துக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சாமானின் பிழையால் திருப்பினீர்கள் என்றால் அந்தக் கட்டணத்தைக் கடையிடம் கேட்கலாம், நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

கார்ட் எண்டா 3 வீதம் கூட எண்டு எடுத்தாங்க. ரீபண்ட்ல அந்த 3 வீதம் வரல்ல.

முதலில், அப்படிக் கூட எடுப்பதே பிழை. கார்ட் மெஷின் தரும் வங்கியோடு கடை செய்யும் ஒப்பந்தம் அதை அனுமதிப்பதில்லை, மத்திய வங்கியும் இதைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் எடுக்காத கடையை விரல் விட்டு எண்ணலாம் என்பதும் உண்மை. எங்கள் முதலாளியோடு நான் இதற்காக மல்லுக்கட்டிய நாட்கள் உண்டு. ஸ்லிப்பில் 103,000 என்று அடித்திருந்தால் 103,000ஐயும் திருப்பிக் கேளுங்கள். ஸ்லிப்தான் சாட்சி.

பாசிக்குடாவில ரூம் புக் பண்ணி, மழையால கென்சல். காசு பிடிச்ச மாதிரிக் காட்டுது, ஸ்டேட்மென்ட்ல இல்ல?

ஹோட்டல் பல நேரம் காசை எடுப்பதில்லை, பிடித்து மட்டும் வைக்கும். உங்கள் லிமிட்டில் அந்தளவு குறைந்து தெரியும், ஆனால் கடன் இல்லை, வட்டியும் இல்லை. சில நாட்களில் தானாக விடுபடும். மாரி மழைக் காலமான நவம்பர், டிசம்பருக்குப் புக் பண்ணுபவர்கள் ரத்து நிபந்தனையை முதலே வாசித்துக்கொள்வது நல்லது.

டொலர்ல வாங்கின டிக்கெட். ரீபண்ட் வேற தொகையா வந்திருக்கு?

காசு போன நாளின் மாற்று வீதம் வேறு, திரும்பி வந்த நாளின் வீதம் வேறு. டொலரை வாங்கும், விற்கும் வீதங்களுக்கு இடையில் வங்கி வைக்கும் இடைவெளியும் சேரும். வெளிநாட்டுப் பாவனைக்கு வெட்டிய கட்டணங்கள் திரும்ப வந்தனவா என்று தனி வரியாகப் பாருங்கள். வழக்கமாகக் கொஞ்சம் நட்டம்தான். 2022 மட்டும் தலைகீழ். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா பக்கம், மே மாதம் 360 பக்கம். அந்த இடைவெளியில் டிக்கெட்டை ரத்துச் செய்தவர்களுக்குக் கட்டியதைவிட அதிக ரூபா வந்தது. நாடே எரிபொருள் வரிசையில் நின்ற நேரம், சந்தோசப்படவும் முடியவில்லை.

கார்ட்டை மூடிட்டன். இப்ப ரீபண்ட் வருதாம்.

பழைய இலக்கத்துக்கு வந்தாலும் வங்கி உங்கள் கணக்கோடு பொருத்தும். கார்ட் தொலைந்து புது இலக்கம் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சேரும். முற்றாக மூடியவர்கள் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் தரவே மாட்டன் எண்டா? பேங்கும் கேக்கல்லயெண்டா?

சாமான் வரவேயில்லை, அல்லது திருப்பி எடுத்துவிட்டுக் காசு தரவில்லை என்றால் உங்கள் வங்கியில் "டிஸ்பியூட்" என்ற முறைப்பாடு கொடுக்கலாம். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள் எல்லை. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு அதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம், அது ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கம் இருக்கும். ஆகவே "இண்டைக்கு நாளைக்கு" என்று கடைக்காரர் இழுப்பதற்கு மூன்று மாதம் கொடுக்காதீர்கள். முறைப்பாடு நடக்கும்போது அந்தத் தொகைக்குத் தற்காலிகமாகக் காசு போட்டுத் தந்தாலும், தோற்றால் திரும்ப எடுப்பார்கள். மற்றத் தொகைகளை வழமைபோல் கட்டி வாருங்கள்.

வங்கியிடமும் எழுத்தில் கொடுத்துப் பதில் வரவில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கடை மீதான முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, 1977. அழைக்க முன் வாங்கிய ஸ்லிப், திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது, இரண்டு மாத ஸ்டேட்மென்ட், வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். ஸ்லிப்பை முதலே போட்டோகொப்பி எடுத்துவிடுங்கள், எங்கள் வெயிலுக்கு அந்தக் கடதாசியில் எழுத்து ஆறு மாதம் நிற்காது.